இரண்டாம் முறை எடுக்காத இரத்தம்

மாடிக் குழாயில் தண்ணீர் நின்றுபோனால், அங்கே குடியிருந்த அவள் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு முதலில் சொல்வது, “என்ற தப்புங்க.” பால்காரர் வராவிட்டாலும் அதுவே. ஒருநாள் பிற்பகலில் திடீரென மழை கொட்டி, கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்துவிட்டது. அதற்கும் படிக்கட்டில் நின்றபடி அதையே சொன்னாள். என் மனைவிக்குச் சிரிப்பு தாளவில்லை.

“ஏங்கண்ணு, மழை பெய்யறதுகூட உன்ற தப்பா?”

“நான் துணி தொவைக்கற அன்னிக்கெல்லாம் வருதுங்களே, அம்மா.”

“அப்ப எங்க தோட்டத்துப் பக்கம் போயி நாலு துணி தொவைச்சுப்போட்டு வா. கெணறு வத்திக் கெடக்குது.”

மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு நான் பூசை அறைக்குப் போய் மாலைப் பதிகத்தை ஓதினேன். நான் ஓதுபவற்றில் பெரும்பாலானவை, அடியவர் தம்மைத் தாமே குற்றவாளியாக்கிக்கொண்டு இறைவன் முன் நிற்கும் பாடல்கள். கடையேன் என்றும் நாயேன் என்றும் இராகத்தோடு ஓதி, ஓதிய இனிமைக்குப் பாராட்டும் பெற்று, சால்வையும் போர்த்தப்பெற்று வாழ்ந்தவன் நான். அந்தச் சொற்களை உண்மையாகவே தன்மேல் சுமந்து திரியும் ஓர் உயிர் என் வீட்டு மாடியிலேயே இருக்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவள் ஆய்வு மாணவி. கோவையில் ஒரு கல்லூரியில் உயிர்மருத்துவத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாயும் தந்தையும் உடுமலைப்பேட்டைக்கு அப்பால் இருக்கும் என் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். அவர்களுக்கு முந்தைய தலைமுறையும் எங்கள் நிலத்தில்தான் உழைத்தது. தென்னைக்கு ஊடே தக்காளி போடுகிறோம். பூச்சி விழாத தக்காளி என்று சந்தையில் இன்றும் அதற்குப் பெயர் இருக்கிறது. அந்தத் தக்காளிக்கு அடிக்கும் மருந்து, அதைக் கலக்கும் பெண்களின் உடம்பை என்ன செய்கிறது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு. மருந்தடிக்கும் பருவத்துக்கு முன் ஒருமுறை இரத்தம், பருவம் முடிந்ததும் மறுமுறை இரத்தம். இரண்டையும் ஒப்பிட்டு, விடையை அந்தப் பெண்களிடம் நேரில் வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

முதல் இரத்தம் தை மாதத்தில் எடுக்கப்பட்டது. பங்குனியில் ஊரடங்கு வந்தது.

விடுதியை மூடினார்கள். உடன் படித்தவர்கள் தத்தம் வீட்டுக்குப் போனார்கள். இவளுடைய வீடு ஓர் அறை. கைப்பேசியில் கோடு தெரிய வேண்டுமானால் வாய்க்கால் மேட்டுக்கு ஏற வேண்டும். “ஊருக்குப் போய் நீ என்னம்மா செய்யப்போறே? உனக்குத்தான் பி.சி.ஆர். தெரியுமே, இங்கேயே இருந்து சோதனைக் கூடத்துல உதவு” என்று சொல்லி, அவளுடைய நெறியாளரான பேராசிரியர் தொற்றுச் சோதனை நடக்கும் கூடத்துக்கு அவளை அனுப்பிவைத்தார். அனுப்பினாரேயன்றி, அவள் எங்கே தங்குவாள் என்று அவர் கேட்கவில்லை.

அவளுடைய தாய், காய்கறி ஏற்றிவந்த எங்கள் தோட்டத்து வண்டியிலேயே கோவையின் கணபதிப் பகுதிக்கு வந்து, என் வீட்டு வெளிக்கதவுக்கு அப்பால் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

“இருக்கட்டுமுங்க ஐயா. புள்ளைக்கு ஒரு எடம் மட்டும் வேணுமுங்க. கொஞ்ச நாளைக்குத்தானுங்க.”

மாடி அறையைக் கொடுத்தேன். இதைக் கேள்விப்பட்ட கோயில் அன்பர்கள் தொலைபேசியில் என்னை மெச்சினார்கள். அடியவர்க்குக் குலம் பார்க்காத மரபில் வந்தவரல்லவா என்றார் ஒருவர். நானும் மறுக்கவில்லை. மாடிக்கு வெளிப்புறமாகத் தனிப் படிக்கட்டு இருந்தது. அது இல்லாதிருந்தால் அவ்வளவு எளிதாக என் வாயில் சம்மதம் வந்திருக்குமா என்று என்னையன்றி யார் கேட்க முடியும்? காலையில் என் மனைவி காப்பியைப் படிக்கட்டின் அடியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். அவள் இறங்கி வந்து எடுத்துக்கொள்வாள். குடித்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவாள். தொற்றுக் காலம் என்பதால் அதில் குறை காண யாருக்கும் இடமிருக்கவில்லை. நோய் இல்லாத நாளாக இருந்திருந்தால் அந்தத் தம்ளரை எங்கே வைத்திருப்போம்? இந்தக் கேள்வி இப்போது ஓதும்போது நடுவில் வந்து நின்றுகொள்கிறது.

சித்திரை வெயிலில் அவள் பணியிலிருந்து திரும்பும் கோலம் கண்ணில் நிற்கிறது. முகத்தில் கவசம் அழுத்திய வரிகள், உப்புப் பூத்த சட்டை. படிக்கட்டின் மேல் முனையில்தான் கைப்பேசிக்கு இணைப்பு நன்றாகக் கிடைக்கும். அங்கே அமர்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்வாள். ஒருநாள் நான் கீழே பூசைக்கு நந்தியாவட்டை பறித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய பேராசிரியரின் குரல் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து தெளிவாகக் கேட்டது. ஆய்வுக் குழுக் கூட்டமாம்.

“எல்லாரும் வீட்ல உட்கார்ந்து ஒரு ரிவ்யூ பேப்பராவது எழுதிட்டாங்க. நீ மட்டும் ஏம்மா ஒண்ணுமே அனுப்பல?”

“என் தப்புங்க சார்.”

“இப்படியே போனா எப்படி? குழுவுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“எழுதி அனுப்பறேனுங்க சார். என் தப்புத்தானுங்க.”

பெட்டியை மூடினாள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. கூடையோடு படிக்கட்டருகே போனேன்.

“ஏன் அம்மணி, அவுருதானே உன்னைய அந்த வேலைக்கு அனுப்புனாரு? காலையில போனா இருட்டுனப்புறம் வர்ற. அதச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா அவுரு சங்கடப்படுவாருங்க ஐயா.”

“பட்டுட்டுப் போறாரு.”

அவள் படிக்கட்டில் உதிர்ந்துகிடந்த ஒரு பூவை எடுத்துக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தபடி சொன்னாள்:

“அந்தத் துறைக்கு எங்களாட்டம் ஊட்டுல இருந்து வந்தது நான் ஒருத்திதானுங்க. நான் காரணஞ் சொன்னேன்னு வைங்க, ‘இவுங்கள எடுத்தாலே இப்படித்தான், எப்பப் பாத்தாலும் ஒரு காரணம்’னு பேசுவாங்க. அடுத்து ஒருத்தி வந்து நிப்பாள்ல, அவளுக்குக் கதவு சாத்திருமுங்க. தப்பு என்றதுன்னு சொல்லிப்போட்டா என்னோட போயிருமுங்க.”

மழைக்குக்கூடப் பழி ஏற்கும் அந்தப் பழக்கம் பிறவிக் குணம் என்று நான் எண்ணியிருந்தேன். அடுத்து வருபவளுக்குக் கதவு திறந்திருக்க அவள் கொடுத்துவந்த வரி அது என்று அன்றுதான் அறிந்தேன். பதிகத்தில் தன் பிழையைச் சொல்பவன் முன்னால் அதைப் பொறுப்பவன் ஒருவன் எழுந்தருளியிருக்கிறான். பிழையே செய்யாமல் பிழையை ஏற்கும் இவள் முன்னால் இருந்ததோ, அதைக் குறித்துக்கொள்ளும் ஒரு குழு.

இத்தனைக்கும், பிறர் முடியாது என்று சொல்வதற்கான உரிமையை அவளைப்போல் காத்தவர் எவரையும் நான் கண்டதில்லை. தையில் முதல் இரத்தம் எடுத்த அன்று, நிலத்துக்காரன் என்ற முறையில் நானும் தோட்டத்துக்குப் போய் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தேன். நான் இருந்தால் பெண்கள் தயங்காமல் கை நீட்டுவார்கள் என்பது என் எண்ணம். அவள் ஊசியை எடுக்கவே இல்லை. நேராக என்னிடம் வந்தாள்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. நீங்க சித்தெ அக்கட்டால போறீங்களா?”

“ஏன் அம்மணி?”

“நீங்க இங்க உக்காந்திருந்தா இவுங்களுக்கு மாட்டேன்னு சொல்ல வாய் வராதுங்க. மாட்டேன்னு சொல்ல முடியறவங்ககிட்டத்தான் நான் எடுக்கோணுமுங்க.”

என் நிலத்தில் என்னை எழுந்து போகச் சொன்ன முதல் ஆள் அவள். கிணற்று மேட்டுக்குப் போய் நின்றேன். காற்று அவர்கள் பேச்சைக் கொண்டுவந்தது. குப்பாத்தாள் என்ற மூத்த பெண்ணின் குரல்தான் ஓங்கி இருந்தது.

“எங்க ரத்தத்துல என்னத்தக் கண்ணு தேடற?”

“நரம்பு சொன்ன பேச்சுக் கேக்கறதுக்கு ரத்தத்துல ஒரு பொருள் இருக்குதுங்க சின்னம்மா. மருந்து பட்டா அது கொறைஞ்சு போயிருமோன்னு பாக்கறனுங்க. இப்ப எவ்வளவு இருக்குது, அடிச்சு முடிச்சப்புறம் எவ்வளவு இருக்குதுன்னு.”

“பாத்துப்போட்டு எங்களுக்குச் சொல்லுவியா, இல்ல பொஸ்தகத்துல எழுதிப்போட்டுப் போயிருவியா?”

“ஒவ்வொருத்தர்கிட்டயும் மொகம் பாத்துச் சொல்றனுங்க.”

இரண்டு பேர் மாட்டேன் என்றார்கள். அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றுபோலவே வாழைப்பழமும் காப்பியும் கொடுத்தாள்.

ஊரடங்கு எல்லாவற்றையும் நிறுத்தியது, உழவை நிறுத்தவில்லை. என் தோட்டத்தில் மருந்தடிப்பு ஒருநாள்கூடத் தடைப்படவில்லை. ஆராய்ச்சிக்கென்று மாவட்டம் கடக்க அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. தக்காளிக்கென்று எனக்கு இ-பாஸ் கிடைத்தது. கடைசி மருந்தடிப்பு ஆனி மாதத்தில். அதற்குப் பின் சில வாரங்களுக்குள் இரத்தம் எடுத்தால்தான் உண்மை தெரியும், நாளானால் உடம்பு தேறிக்கொண்டு தடயம் மறைந்துவிடும் என்று அவள் சொல்லியிருந்தாள். என் காரிலேயே அவளை அழைத்துப்போவது என்று முடிவு செய்தோம். அந்த வாரம் முழுதும் அவள் மாடியில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். ஐஸ் பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தாள்.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு, உறவில் ஒரு திருமணம். வீட்டளவில் நடத்துவதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் தோட்டத்துக் கொட்டகை நிறைய சனம். மணமகனின் சகோதரி செய்யும் இணைச்சீர் முடிந்ததும், வாழ்த்தாக ஒரு பதிகம் பாடச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் சீர் நடக்கும் இடத்தில் பெரியவர்கள் கேட்டதை மறுப்பது, சீரையே மறுத்ததற்குச் சமம். முகக்கவசத்தைக் கழற்றினேன். எதிரே அமர்ந்தவர்களும், சொற்கள் புரிய வேண்டும் என்றோ என்னவோ, நெருங்கி அமர்ந்தார்கள். குரல் நன்றாக வாய்த்த நாள் அது. ஓதி முடித்தபோது பலர் கண்ணில் நீர்.

சில நாட்களில் எனக்குக் காய்ச்சல். சோதனையில் தொற்று உறுதியாயிற்று. என் மனைவிக்கும் வந்தது. செய்தி அறிந்து அவள் படிக்கட்டின் பாதியில் வந்து நின்றாள். அதற்குக் கீழே இறங்கவில்லை. சன்னல் வழியே பார்த்தேன். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

“என்ற தப்புங்க ஐயா. நாந்தான் கொண்டாந்துட்டேன்.”

“இல்லை அம்மணி. ஞாயித்துக்கெழமை கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பக்கத்துல உக்காந்திருந்தவங்களுக்கெல்லாம் வந்திருக்குது. அங்கிருந்துதான் வந்துது.”

“சோதனைக் கூடத்துல இருக்கறது நானுங்க.”

“உனக்குச் சோதனை பண்ணிப் பாத்தாங்கல்ல? உனக்குத்தான் இல்லையே!”

“போன வாரம் இருந்து போயிருக்கலாமுங்க. தெரியாதுங்களே.”

என் மனைவி படுத்தபடியே கத்தினாள். “அடி கூறுகெட்டவளே, இந்த மனுசன் மூக்கத் தெறந்து வெச்சுட்டுப் பாடுனாரு, வாங்கிட்டு வந்தாரு. அதுக்கும் நீதான் பொறுப்பா?”

அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து எங்களுக்கான கஞ்சி படிக்கட்டின் அடியில் வந்து அமர்ந்தது. வைத்தவள் அவள், எடுத்தவர்கள் நாங்கள். என் பிராணவாயு அளவைச் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். நாங்கள் தேறினோம். தேறிய அன்றே நான் சொன்னேன், “நான் வண்டி ஓட்டுலீன்னா என்ன, டிரைவர் இருக்காரு. நாளைக்கே தோட்டத்துக்குப் போயிட்டு வா. இன்னும் நாள் இருக்குதல்ல?”

“இருக்குதுங்க. ஆனா நான் போகுலீங்க ஐயா.”

“ஏன்?”

“அவுங்களும் எனக்குப் பக்கத்துல உக்காந்துதானுங்க கை நீட்டோணும். உங்களுக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரி பக்கத்துல. குப்பாத்தாச் சின்னம்மாளுக்கு மூச்சு முட்டுச்சுன்னா வண்டிக்கு யார்கிட்டப் போவாங்க? என்ற படிப்புக்காக நான் அத எடுத்துட்டுப் போயிக் குடுக்க மாட்டேனுங்க.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கல்யாணத்தில் நான் பாடிய அந்தப் பதிகம்தான் அவள் கால்களைக் கட்டிப்போட்டது என்பது தெரிந்துதான் அப்படி வாதாடினேன். அவள் மாடிக்கு ஏறிப்போனாள். நாட்கள் கடந்தன. ஐஸ் பெட்டி கவிழ்த்த இடத்திலேயே கிடந்தது.

அதற்குப் பின் நடந்ததைச் சொல்லச் சில வரிகள் போதும். முதல் இரத்தம் கல்லூரியின் உறைபெட்டியில் பத்திரமாக இருந்தது. இணை இல்லாத பாதி என்பதால் அதனால் பயனில்லை. தொற்றுக் காலத்தை முன்னிட்டு ஆய்வுக்குக் காலநீட்டிப்பு தந்தார்கள். நீட்டித்த காலத்துக்கு உதவித்தொகை தரவில்லை. வீட்டிலிருந்தே எழுதியவர்கள் எழுதியதை வைத்து முன்னேறினார்கள். சோதனைக் கூடத்தில் சேர்ந்த எண்களை வைத்துத் தலைப்பை மாற்றிக்கொள், சீக்கிரம் முடியும் என்றார் பேராசிரியர். அவள் மாற்றிக்கொண்டாள். முனைவர் பட்டமும் வாங்கினாள். இப்போது வடக்கே ஒரு நிறுவனத்தில், சோதனைக் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து ஒப்பமிடும் வேலை. பொங்கலுக்கு என் மனைவியைத் தொலைபேசியில் அழைக்கிறாள். ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டால், குளிர் எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறாள்.

தலைப்பை மாற்றிய பிறகு, போக்குவரத்துத் திறந்திருந்த ஒரு மாசி மாதத்தில் அவள் என்னிடம் கேட்டாள்: “தோட்டத்துக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போறீங்களா ஐயா? மொகம் பாத்துச் சொல்றேன்னு சொல்லியிருந்தனுங்க.”

போனோம். தோட்டத்தில் அன்றைக்கு மருந்தடிப்பு. வரப்பு ஓரத்தில் நீல நிறப் பீப்பாய், பக்கத்தில் வாளிகள். பெண்கள் தென்னை நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லாமலே ஒதுங்கி நின்றேன், பேச்சு கேட்கும் தொலைவில்.

“வாங்க டாக்டரம்மா!” என்றாள் குப்பாத்தாள். “எங்க ரத்தத்தக் கொண்டுபோயி வித்துப்போட்டயாக்கும்? ஆளையே காணோம்.”

“உன்ற ரத்தத்த எவன் வாங்குவான்? அதுல பாதி வெத்தலச் சாறு” என்றாள் இன்னொருத்தி.

கூட்டமே சிரித்தது. அவள் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஒவ்வொருத்தி முன்னாலும் போய்த் தரையில் அமர்ந்தாள். ஒவ்வொருத்தியிடமும் முதலிலிருந்து சொன்னாள்: மருந்துக்கு முன்னால் உங்கள் இரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரியும், பின்னால் எவ்வளவு என்று தெரியாது, நான் வந்து எடுக்கவில்லை, அதனால் விடை இல்லை. ஒருத்தி, “அட போனாப் போவுது போ” என்றாள். ஒருத்தி, “அப்ப எனக்குத் தலை சுத்தறது எதுனாலன்னு தெரியாதா?” என்று கேட்டாள். கடைசியாகத் தன் தாயின் முன் அமர்ந்தாள்.

“எனக்குமாடி சொல்ற?” என்றாள் தாய்.

“நீயும்தானே கை நீட்டுன.”

குப்பாத்தாள் எழுந்து வந்தாள். ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, நரம்பு தெரிய முழங்கையை நீட்டினாள். “இப்ப எடு. காலையிலதான் கலக்குனேன். வாசங்கூடப் போகுல.”

“ஊசி கொண்டாருலீங்க சின்னம்மா. எடுக்கறதுக்கு இப்ப எனக்கு அனுமதியும் இல்லீங்க.”

“அப்ப வேற யாரு வருவா?”

நீட்டிய அந்தக் கையை அவள் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“செரி, அத உடு. இத்தனை படிச்சிருக்கற. நாங்க இதைக் கலக்கலாமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லிப்போட்டுப் போ.”

விடை அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அளந்து பார்க்காத ஒன்றைச் சொல்லக்கூடாது என்று பயின்றவள் அவள். அந்த ஒன்றை மட்டும் அவளிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. பிடித்த கையை விடாமலே சொன்னாள்.

“என்கிட்டச் சாட்சி இல்லீங்க சின்னம்மா. ஆனா எங்கம்மாளை நான் கலக்க உடமாட்டேனுங்க.”

தாய்தான் முதலில் எழுந்தாள். முந்தானையை மூக்கின்மேல் சுற்றிக் கட்டிக்கொண்டு வாளியை எடுத்தாள். “இவ பேச்சக் கேட்டுட்டு நின்னா வேலை ஆவுமா? வெய்யில் ஏறுது, வாங்க.”

நான் நிழலை விட்டு முன்னே வந்தேன். சபையில் ஓதும் குரல் தானாக வந்தது.

“இன்னைக்கு வேண்டாம். மருந்த மூடி வைங்க. கூலி வந்துரும்.”

பெண்கள் வாளிகளைக் கீழே வைத்தார்கள். அவளுடைய தாய் மட்டும் வைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் அவள் என்னிடம் உதவி வேண்டிக் கேட்டிருக்கிறாள். பதில் வேண்டிக் கேட்டதில்லை. மூக்கின்மேல் கட்டிய துணியைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டாள்.

“நாளைக்குங்க, ஐயா?”

பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள்.